வீட்டில் யோகா: மனம் ஒருமுகப்பட நாலில் எது?

கொழும்பில் இந்தக் கேள்வி பெரும்பாலும் மூன்று விதமான ஆட்களிடமிருந்து வருகிறது. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் அம்மா. கோட்டையில் அலுவலக மேசைக்கு முன் இருந்தும் ஒரு கோப்பைப் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் படிக்க முடியாத உத்தியோகத்தர். பென்ஷன் எடுத்தபின், பத்திரிகையின் முதற்பக்கம் முடிவதற்குள் மனம் கனடாவிலுள்ள பிள்ளைகளிடம் போய்விடும் பெரியவர். மூவரும் கேட்பது ஒன்றுதான்: மனம் ஓரிடத்தில் நிற்க வீட்டில் என்ன யோகா செய்யலாம்?

பதில் சொல்ல ஆட்களுக்குக் குறைவில்லை. ஒருவர் சூரிய நமஸ்காரம் என்பார். ஒருவர் மூச்சுப் பயிற்சியான பிராணாயாமம் என்பார். வீடியோவில் வருபவர் விளக்கை உற்றுப் பார்க்கச் சொல்வார். அம்மம்மா உருத்திராட்ச மாலையை நீட்டுவார். கேட்டவர் நாலையும் அரைகுறையாகக் கலந்து தொடங்குவார். விலை கூடிய விரிப்பு, பிடிமானக் கட்டை, ஊதுபத்தி, போனில் ஒரு ஆப் என்று சாமான் சேரும். இரண்டாம் கிழமையே விரிப்பு அலுமாரிக்குப் பின்னால் போய்விடும்.

நாலும் நல்லவைதான். ஆனால் கவனத்தைப் பழக்குவதற்கு நாலும் வேண்டாம், ஒன்று போதும். எந்த ஒன்று என்பது ஆளையும் வீட்டையும் பொறுத்தது.

எதை வைத்து அளப்பது

யோக சூத்திரம் தந்த பதஞ்சலி யோகத்தை எட்டு அங்கங்களாக வகுத்தார். அதில் ஆசனம் மூன்றாவது, பிராணாயாமம் நாலாவது, மனத்தை ஓரிடத்தில் கட்டி வைக்கும் தாரணை ஆறாவது. நமக்கு வேண்டியது அந்த ஆறாவது. மூன்றும் நாலும் அங்கே போகிற வழிகள். ஆகவே உடம்பு எவ்வளவு வளைகிறது, மூச்சை எத்தனை விநாடி அடக்க முடிகிறது என்பவற்றை இந்த ஒப்பீட்டில் நான் கணக்கில் எடுக்கவில்லை.

நான் முதலில் பார்ப்பது இதை: மனம் ஓடிவிட்டது என்பதை அந்தப் பயிற்சி எவ்வளவு கெதியாக நமக்குக் காட்டிக் கொடுக்கிறது? ஓடாத மனம் யாருக்கும் இல்லை. ஓடியதைக் கண்டுபிடித்துத் திருப்பிக் கூட்டிவருவதுதான் பயிற்சியே. இருபது நிமிடத்தில் அறுபது தடவை திரும்பி வந்தவர் அறுபது தடவை பயிற்சி செய்திருக்கிறார். ஓடியதே தெரியாமல் இருபது நிமிடம் கண்ணை மூடி இருந்தவர் இளைப்பாறியிருக்கிறார். அதுவும் நல்லதுதான், ஆனால் நாம் தேடி வந்தது அது இல்லை.

அடுத்தது வீடு. வெள்ளவத்தைத் தொடர்மாடியின் பத்தடி அறையில் எது நடக்கும், கொட்டாஞ்சேனையில் சந்தடி மிகுந்த வீதியோர வீட்டில் எது நடக்கும் என்பது சின்ன விஷயமில்லை. வெக்கை, நுளம்பு, சத்தம், மேல்மாடி கீழ்மாடி என்று எல்லாம் இதில் வரும். அப்புறம் உடம்பு இடம் கொடுக்கிறதா என்பது. கடைசியாக, காய்ச்சல், விருந்தாளி, பரீட்சை என்று வரும் மோசமான நாளிலும் அந்தப் பயிற்சி கைவிடாமல் நிற்குமா என்பது.

காசு இந்தப் பட்டியலில் இல்லை, ஏனென்றால் நாலுக்கும் அநேகமாகச் செலவே கிடையாது. மறைந்திருக்கும் செலவுகள் வேறு.

நிதானமான ஆசனம்

ஐந்து ஆசனம் போதும்: தாடாசனம் (நிமிர்ந்து நிற்பது), விருட்சாசனம் (ஒற்றைக்காலில் நிற்பது), பச்சிமோத்தானாசனம் (கால் நீட்டி இருந்து முன்னால் குனிவது), புஜங்காசனம் (குப்புறப் படுத்து நெஞ்சை உயர்த்துவது), முடிவில் சவாசனம் (மல்லாந்து அசையாமல் படுப்பது). ஒவ்வொன்றிலும் எட்டு மூச்சுக்கு அசையாமல் நிற்பது. அல்லது பன்னிரண்டு நிலை கொண்ட சூரிய நமஸ்காரத்தை ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் ஆறுதலாகச் செய்வது. வேகமாகச் செய்தால் நல்ல தேகப்பயிற்சி கிடைக்கும், கவனம் பழகாது.

கவனம் தவறியதை விருட்சாசனம் போல் உடனே சொல்லும் பயிற்சி வேறில்லை. ஒற்றைக்காலில் நின்றுகொண்டு நாளைக்குக் கட்டவேண்டிய மின்சாரக் கட்டணத்தை நினைத்துப் பாருங்கள். கணுக்கால் ஆடத் தொடங்கும். சுவரில் ஒரு புள்ளியைப் பிடித்து, பார்வையை அங்கே நிறுத்தினால் ஆட்டம் குறையும். பொய் சொல்ல வழியில்லாத பயிற்சி இது. உட்கார்ந்து செய்யும் ஆசனங்களில் இந்தத் தெளிவு குறைவு. அங்கே தொடையின் வலி மனத்தை இழுத்து வைத்திருக்கும், நாம் அதைக் கவனம் என்று நினைத்துக்கொள்வோம்.

ஒன்று முக்கியம்: தினமும் அதே ஐந்து, அதே ஒழுங்கு. நாளுக்கொரு புது வரிசை செய்தால் புதுமைதான் மனத்தைப் பிடித்து வைக்கும், நாம் பிடித்து வைப்பதில்லை. அலுப்புத் தட்டும்போதுதான் உண்மையான வேலை தொடங்குகிறது.

இனி மறைந்த செலவுகள். ரைல்ஸ் நிலத்தில் பன்பாய் வழுக்கும். றப்பர் விரிப்பு வழுக்காது, ஆனால் வியர்வையோடு சுருட்டி வைத்தால் மே, ஜூன் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். தினமும் துவாயால் துடைத்து, விரித்தபடி காயவிட இடம் வேண்டும். சாப்பிட்டு மூன்று மணித்தியாலமாவது போகவேண்டும் என்பதால் வேலையிலிருந்து பசியோடு வருபவருக்கு மாலை நேரம் கைகொடுக்காது. கொழும்பு ஈரப்பதத்தில் இருபது நிமிட ஆசனத்துக்குப் பிறகு குளியல் கட்டாயம், அதையும் நேரக் கணக்கில் சேருங்கள். தொடர்மாடியில் இருப்பவர் குதித்துப் பின்வாங்கும் வகையைத் தவிர்ப்பது கீழ்வீட்டாருடன் உறவு நிலைக்க உதவும்.

முழங்கால் தேய்ந்தவர்களுக்கும் தலைசுற்று உள்ளவர்களுக்கும் ஒற்றைக்கால் நிலை சுவரோரமாக மட்டும். உயர் பிரஷர், கண்ணில் குளுக்கோமா (கண்ணழுத்த நோய்) உள்ளவர்கள் தலைகீழ் ஆசனங்கள் பக்கம் போகவே வேண்டாம். கவனத்துக்கு அவை தேவையும் இல்லை.

மூச்சை எண்ணுதல்

கதிரையிலோ நிலத்திலோ முதுகை நிமிர்த்தி இருங்கள். மூச்சை அதன் போக்கில் விடுங்கள். ஒவ்வொரு வெளிமூச்சுக்கும் ஒரு எண். ஒன்று முதல் பத்து வரை, பிறகு மறுபடி ஒன்று. இவ்வளவுதான். பதினாலில் போய் நிற்கிறீர்கள் என்றால் மனம் எங்கோ போய்வந்தது என்று பொருள். ஆறா ஏழா என்று சந்தேகம் வந்தாலும் அதே பொருள். பேசாமல் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். ஆசனத்தைப் போல் அந்தக் கணமே காட்டாவிட்டாலும், பத்து மூச்சுக்குள் கணக்கு வெளிவந்துவிடும்.

சில கிழமைகள் போனபின் நாடிசுத்தி சேர்க்கலாம். வலது பெருவிரலால் ஒரு துளையையும் மோதிர விரலால் மறு துளையையும் மாறி மாறி மூடி மூச்சு விடுவது. நாலு விநாடி உள்ளே, ஆறு விநாடி வெளியே என்று வைத்தால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு. வளர்ந்தவர் ஒருவர் சும்மா இருக்கும்போது எடுப்பது பன்னிரண்டு முதல் இருபது வரை. வெளிமூச்சு நீளும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத்துடிப்பு தணிகிறது, பதற்றம் இறங்குகிறது. மூச்சை உள்ளே அடக்கி வைக்கும் கும்பகம் இதற்கு வேண்டியதில்லை. பிரஷர், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதைச் செய்யவே கூடாது. மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியையும் இதோடு குழப்பவேண்டாம். அது உசுப்பும் பயிற்சி.

வெளியே தெரியாத செலவு மூக்கில் இருக்கிறது. காலி வீதிப் புகையும் அலுவலக ஏசியும் சேர்ந்து மூக்கடைப்போடு வாழ்பவர்கள் இங்கே நிறைய. அடைத்த நாளில் நாடிசுத்தி நடக்காது, எண்ணுவது மட்டும் நடக்கும். அடுத்தது நுளம்பு. டெங்கு பரப்பும் நுளம்பு பகலில் கடிப்பது. விடிந்து ஓரிரு மணித்தியாலமும் பொழுது சாய்வதற்கு முந்திய நேரமும் அதற்கு மிகப் பிடித்தவை, யோகாவுக்கு நாம் ஒதுக்குவதும் அதே நேரங்களைத்தான். அதற்காக மூடிய அறையில் நுளம்புச்சுருளைக் கொளுத்தி வைத்து ஆழ மூச்சு எடுப்பதைப் போன்ற முட்டாள் வேலை வேறில்லை. கட்டிலில் வலைக்குள் உட்கார்ந்தே எண்ணலாம். வெளிச்சம் வருமுன் முடித்துவிட்டால் இன்னும் நல்லது. கொழும்பில் எந்த மாதமும் சூரியன் ஆறு மணியை ஒட்டியே உதிப்பதால் ஐந்தரை என்பது ஆண்டு முழுதும் ஒத்துவரும் நேரம்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே படபடப்பு கூடும். நெஞ்சு இறுகுவதுபோல் இருக்கும். அப்படியானவர் விடாமல் முயலத் தேவையில்லை. ஆசனத்துக்கோ ஜபத்துக்கோ மாறிவிடலாம்.

திராடகம்

கண் உயரத்தில், ஒரு கை நீளத்துக்குச் சற்றுத் தள்ளி நல்லெண்ணெய் விளக்கு. சுடரை இமைக்காமல் முடிந்தவரை பார்த்து, பிறகு கண்ணை மூடி, உள்ளே தெரியும் பிம்பத்தை மறையும்வரை பிடித்திருப்பது. பதினைந்தாம் நூற்றாண்டளவில் சுவாத்மாராமர் எழுதிய ஹடயோகப் பிரதீபிகை இதை ஆறு சுத்திகரிப்புக் கிரியைகளில் ஒன்றாக வைக்கிறது, கண்ணீர் வரும்வரை பார்க்கச் சொல்கிறது. கவனம் பழகுவதற்குக் கண்ணீர்வரை போகவேண்டிய அவசியம் இல்லை.

காட்டிக்கொடுக்கும் விஷயத்தில் இது இரண்டுங்கெட்டான். கண் திறந்திருக்கும் பாதியில், கண் சுடரிலும் மனம் வத்தளையிலும் இருக்கலாம், தெரியவே தெரியாது. மூடிய பாதியில்தான் பயன்: மனம் நழுவினால் பிம்பமும் கைவிட்டுப் போனதை உடனே உணரலாம். ஆகவே பார்ப்பது ஒரு நிமிடம், மூடுவது இரண்டு நிமிடம் என்று பிரிப்பதே என் தெரிவு.

இதற்குக் கொழும்பில் கொடுக்கும் விலை ஃபேன். சுடர் ஆடக்கூடாதென்றால் மின்விசிறியை நிறுத்தவேண்டும். மரைன் டிரைவ் பக்கம் கடற்காற்றுக்காக ஜன்னலையும் சாத்தவேண்டும். ஏப்ரல் மாதத்தில் அப்படியொரு அறைக்குள் பத்து நிமிடம் இருந்தால் கவனம் முழுதும் கழுத்தில் வழியும் வியர்வையில்தான். வெள்ளைத் தாளில் மிளகளவு கறுப்புப் புள்ளி வரைந்து சுவரில் ஒட்டிக்கொண்டால் ஃபேன் ஓடலாம், தீப்பயமும் இல்லை, வீட்டில் சின்னப்பிள்ளை இருந்தாலும் கவலையில்லை. விளக்கின் அழகு கிடையாதுதான்.

கண்ணுக்கும் செலவு உண்டு. சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து தடவைக்குக் குறையாமல் இமைக்கிறோம், கணினித் திரைக்கு முன் அது ஏற்கனவே குறைந்துவிடுகிறது. நாள் முழுதும் திரை பார்த்து உலர்ந்த கண்ணை இரவில் சுடரை வெறிக்க வைப்பது நல்ல யோசனை அல்ல. காண்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட வேண்டும். குளுக்கோமா, வலிப்பு உள்ளவர்களும் கண்சத்திரசிகிச்சை செய்தவர்களும் வைத்தியரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது.

நாலில் மிகவும் மிகைப்படுத்தி விற்கப்படுவது இதுதான் என்பது என் எண்ணம். ஞாபகசக்தி மூன்று மடங்கு, கண்ணாடி தேவைப்படாது என்ற கதைகளை நம்பிப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையை விளக்குக்கு முன் உட்கார வைக்காதீர்கள். (2022 இல் 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது ஊரே விளக்குக்கு முன்னால்தான் இருந்தது. நாம் உற்றுப் பார்த்தது என்னவோ போனில் மிஞ்சியிருந்த சார்ஜைத்தான்.) ஆனால் கண்ணை மூடினாலே படம் ஓடுகிறது, வெறும் மூச்சில் பிடிப்பே இல்லை என்பவர்களுக்கு, பிடித்துக்கொள்ள ஒரு பொருள் தருவது இதன் பலம்.

ஜபம்

நமசிவாய, சரவணபவ, செபமாலை, எது உங்களுடையதோ அது. இதன் நன்மை பக்தியோடு முடிவதில்லை. 2001 இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வந்த ஓர் இத்தாலிய ஆய்வு, 23 பேரை இலத்தீனில் செபமாலை சொல்லவும் 'ஓம் மணி பத்மே ஹூம்' சொல்லவும் வைத்துப் பார்த்தது. இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்கியது. நாடிசுத்தியில் எண்ணி எண்ணிக் கொண்டுவரும் அதே வேகம், சொல்லின் நீளத்தால் தானாக வந்துவிடுகிறது. கொட்டாஞ்சேனையில் மாதாவிடம் செபமாலை சொல்பவரும் பக்கத்து வீட்டில் பஞ்சாட்சரம் சொல்பவரும் மூச்சளவில் ஒரே பயிற்சியைச் செய்யலாம்.

குறையும் அதே இடத்தில்தான். வாய் தானாக ஓடும். கையிலுள்ள மாலையின் நாற்பது மணிகள் உருண்டிருக்கும், மனம் அதற்குள் பேரப்பிள்ளையின் பள்ளி அனுமதியை முடித்துவிட்டு வந்திருக்கும். நாலில் மிகத் தாமதமாகக் காட்டிக்கொடுப்பது இது. ஒரு திருத்தம் செய்யலாம்: ஒரு வெளிமூச்சுக்கு ஒரு தடவை சொல்லி, மனம் அதில் இருந்தால் மட்டும் மணியை நகர்த்துங்கள். ஓடியிருந்தால் அதே மணியில் மறுபடி. மாலையின் 108 மணிகளும் முடிய நேரமாகும். முடிக்காமல் எழும்பினாலும் குற்றமில்லை. எண்ணிக்கையை முடிக்கும் அவசரம்தான் இதன் மறைந்த செலவு.

மற்ற மூன்றும் தோற்கும் இடத்தில் ஜபம் நிற்கும். விடியற்காலையில் ஒரு பக்கம் பள்ளிவாசல் பாங்கு, ஒரு பக்கம் விகாரையின் பிரித் ஓதல், சற்றுப் பிந்தினால் தெருவில் பாண் விற்கும் சூன் பாண் வண்டியின் இசை. மூச்சை எண்ணுபவருக்கு இவை இடைஞ்சல். மனத்துக்குள் ஒரு சொல்லை வைத்திருப்பவரை இவை அவ்வளவு அசைப்பதில்லை. 100 ஆம் இலக்க பஸ்ஸில் நின்றபடி செய்யலாம். காய்ச்சலில் படுத்தபடி செய்யலாம். முழங்கால் மடங்காதவர் கதிரையில் இருந்து செய்யலாம்.

ஒரே பார்வையில்

| | ஆசனம் | மூச்சு எண்ணுதல் | திராடகம் | ஜபம் |
|---|---|---|---|---|
| கவனம் தவறியது தெரிய | உடனே | பத்து மூச்சுக்குள் | கண் மூடியபின் | தாமதமாக |
| இடம் | ஆறடிக்கு மூன்றடி | ஒரு கதிரை | இருண்ட மூலை | எங்கும் |
| சத்தம் தாங்குமா | ஓரளவு | குறைவு | ஓரளவு | நன்றாக |
| மறைந்த செலவு | குளியல், வெறும் வயிறு | மூக்கு, நுளம்பு | வெக்கை, கண் | இயந்திரமாகிவிடுதல் |
| மோசமான நாளில் | நடக்காது | பெரும்பாலும் நடக்கும் | நடக்காது | நடக்கும் |

வீடியோவும் வகுப்பும்

இவற்றைத் தனித் தெரிவாக நான் எண்ணவில்லை. ஆசனத்தைத் தெரிவுசெய்பவர் நேரில் ஓர் ஆசிரியரிடம் சில வகுப்புகள் போய் முதுகும் முழங்காலும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது அவசியம். அதன்பின் வீடே போதும். ஆப், வீடியோ என்றால் ஒரு குரல் நொடிக்கு நொடி மனத்தைத் திருப்பிக் கொண்டுவந்து தருகிறது. நாம் செய்யவேண்டிய வேலையை அது செய்துவிடுகிறது. அதைவிட, எந்த வட்ஸ்அப்பிலிருந்து தப்ப நினைத்தோமோ அதே வட்ஸ்அப் உள்ள கருவி மடியில் இருக்கிறது. போன் குசினியில் கிடக்கட்டும். நேரம் பார்க்க ஒரு பழைய அலாரம் மணிக்கூடு போதும்.

ஆக, யாருக்கு எது

உயர்தர மாணவருக்கு ஆசனம். பாடசாலைக் கதிரை, ரியூசன் வாங்கு, வீட்டு மேசை என்று பகல் முழுதும் உட்கார்ந்தே இருக்கும் உடம்பை மறுபடி உட்காரவைத்து மூச்சை எண்ணச் சொன்னால் நித்திரைதான் வரும். விருட்சாசனமும் நாலைந்து சுற்று நிதானமான சூரிய நமஸ்காரமும் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆசனத்தில் நன்றாக நிற்கும் பிள்ளை, பரீட்சைக்கு முந்திய மாதங்களில் ஐந்து நிமிட மூச்சு எண்ணுதலைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம்.

அலுவலகம் போகிறவருக்கு மூச்சு எண்ணுதல். யாரென்று தெரியாமல் ஒரே ஒரு பதில் சொல்லச் சொன்னாலும் நான் இதைத்தான் சொல்வேன். விரிப்பும் வேண்டாம், குளியலும் வேண்டாம். கவனம் போனதற்கான கணக்கும் கையிலேயே இருக்கிறது. காலையில் பத்து நிமிடம் செய்பவர், மதியம் கோப்பைத் திறக்குமுன் மேசையிலேயே இரண்டு சுற்று எண்ணிக்கொள்ளலாம். பக்கத்துக் கதிரைக்காரருக்குத் தெரியாது.

பென்ஷன்காரருக்கு ஜபம், மேலே சொன்ன மணித் திருத்தத்தோடு. சின்னப்பிள்ளையுள்ள தாய்க்கும் இதுதான், ஏனென்றால் அவருக்குத் தடையில்லாத பத்து நிமிடம் என்று ஒன்று கிடைப்பதில்லை. இரண்டு நிமிடத் துண்டுகளாகவும் ஜபம் நடக்கும். திராடகத்தை, மூச்சும் சொல்லும் பிடிபடாதவருக்கு, புள்ளித் தாளோடு, மூன்றாவது முயற்சியாகத்தான் சொல்வேன்.

தெரிவு செய்ததை ஆறு கிழமையாவது மாற்றாதீர்கள். மூன்றாம் கிழமை அலுக்கும், அது மாற்றுவதற்கான காரணமல்ல. வலி, படபடப்பு, கண் எரிவு வந்தால் அது காரணம், அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். கவனச்சிதறல் திடீரென்று தொடங்கியிருந்தாலோ, நித்திரையின்மை, மனச்சோர்வு, பெரியவர்களுக்குப் பெயர்கள் மறந்துபோதல் ஆகியவற்றோடு சேர்ந்து வந்தாலோ முதலில் வைத்தியரிடம் போங்கள். தைரொயிட் குறைபாடும் இரத்தச்சோகையும்கூட இப்படித்தான் தலைகாட்டும். அவற்றை ஒரு இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம், பாய் விரித்துக் கண்டுபிடிக்க முடியாது.